முடிவை இட்டுக்கட்டாத தமிழ்த் தாத்தா

முருகா சரணம் 🙏

இந்தப் பதிவு ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது.

போன கந்த சஷ்டி சமயத்துல எனக்கு ஒரு ஃபார்வர்டு வந்தது. பரிபாடல்ல தொலைஞ்சுபோன முருகன் பாட்டு ஒண்ணு கிடைச்சிடுச்சுன்னு போட்டு, கீழே எட்டு வரி. படிக்க அருமையா இருந்தது. நானும் ஒரு வேல் படத்தைச் சேர்த்து இங்கே பதிவா போட்டுட்டேன். நீங்களும் ஆசையா ஷேர் பண்ணீங்க. மூணாம் நாள் ஒரு அம்மா தனியா மெசேஜ் அனுப்பினாங்க. ஓய்வு பெற்ற தமிழாசிரியை. எந்தச் சுவடியில கிடைச்சது, யார் பதிப்பிச்சாங்கன்னு ரெண்டே கேள்விதான் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அனுப்பினவரைக் கேட்டேன், அவர் அவருக்கு அனுப்பினவரைக் கை காட்டினார். நாலு பேர் தாண்டினதும் தடம் நின்னு போச்சு. யாரோ சொந்தமா எழுதி, பழைய பாட்டுன்னு சுத்த விட்டிருக்காங்க.

பதிவை எடுத்துட்டேன். ஆனா மனசு ஆறல. நான் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினேன்? தொலைஞ்சது கிடைச்சா நல்லா இருக்கும்னு ஆசை. ஆசையே முடிவு ஆயிடுச்சு. அவ்வளவுதான்.

பரிபாடலை முதன்முதல்ல அச்சுல கொண்டுவந்தவர் யாருன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். நம்ம எல்லாருக்கும் பேர் தெரிஞ்சவர்தான், உ.வே.சாமிநாதையர். பள்ளிக்கூடப் புத்தகத்துல தலைப்பாகையோட இருக்கிற படம், ஓலைச்சுவடி தேடினவர்ங்கிற ஒரு வரி, இதுக்கு மேல எனக்கும் தெரியாது. ஆனா அவர் வாழ்க்கை முழுக்க ஒரே கேள்வி ஓடுதுன்னு இப்போ எனக்குத் தோணுது. ஒரு விஷயம் முடிஞ்சதுன்னு எப்போ சொல்லலாம்? தெரியாததை என்ன பண்றது?

🔸 சுவாமிமலைப் பேர்

அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. ஊர், கும்பகோணம் பக்கம் பாபநாசத்துக்கு அருகில உள்ள உத்தமதானபுரம். அப்பா வேங்கட சுப்பையர் சங்கீத வித்வான், கதாகாலட்சேபம் பண்றவர். வசதியான குடும்பம் இல்லை. பையன் தமிழ் படிக்கணும்னு ஆசைப்பட்டதுக்காகவே அந்தக் குடும்பம் ஊர் ஊரா மாறியது.

அவருக்கு வச்ச பேர் வேங்கடராமன். வீட்ல கூப்பிட்டது சாமிநாதன். சுவாமிமலை நம்ம அப்பன் பேர்! 1871ல மாயூரத்துல மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட மாணவனா சேர்ந்தப்போ, வேற பேர் ஏதாவது உண்டான்னு குரு விசாரிச்சு, சாமிநாதன்ங்கிற பேரையே கூப்பிட எடுத்துக்கிட்டார். அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையோட பேர், காலம் முழுக்கப் பாடம் படிச்ச ஒருத்தருக்கு நிலைச்சுது.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாதாரணப் புலவர் இல்லை. அவர் வாயால சொல்லச் சொல்ல மாணவர்கள் ஓலையில எழுதுவாங்க. புராணம் புராணமா பாடினவர். அந்த இடத்துல வளர்ந்த பையனுக்குச் செய்யுள் கட்டுறது தண்ணி பட்ட பாடு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி ரொம்ப முக்கியம்.

🔸 குரு கண்மூடின நேரம்

1876 பிப்ரவரி 1. திருவாவடுதுறையில குரு உடம்பு முடியாம கிடக்கிறார். சவேரிநாத பிள்ளைன்னு ஒரு கிறிஸ்தவ மாணவர் குருவைத் தன் மார்புல சாய்ச்சுக்கிட்டு இருக்கார். சாமிநாதன் பக்கத்துல உட்கார்ந்து திருவாசகத்துல அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். அப்படியே குருவோட உயிர் பிரிஞ்சுது.

அப்போ சாமிநாதனுக்கு 21 வயசு நிறையல. படிப்பு பாதியில நின்ன மாதிரி. அதுக்கப்புறம் திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் ஆதரவுல படிப்பும் பாடம் சொல்றதும் தொடர்ந்தது.

ஆனா அந்த நாளை அவர் அத்தோட முடிச்சுக்கல. குருவோட வரலாற்றை எழுதணும்னு மனசுக்குள்ள வச்சிருந்தார். பார்த்தவங்ககிட்ட கேட்டார், குறிப்பு சேர்த்தார், குரு பாடின பாட்டுகளைத் தேடினார். புத்தகம் வெளிவந்தது 1933லயும் 1934லயும், ரெண்டு பாகமா. குரு இறந்து 57 வருஷம் கழிச்சு! நமக்கு ஒரு இரங்கல் ஸ்டேட்டஸ் போட அஞ்சு நிமிஷம் போதும். அவருக்கு 57 வருஷம் ஆச்சு.

🔸 படிச்சதெல்லாம் போதுமா?

1880ல கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றார். அவரும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவர்தான். தன் இடத்துக்கு சாமிநாதையரைக் கொண்டுவந்து உட்கார வச்சார். நல்ல வேலை, நல்ல பேர். 25 வயசுல செட்டில் ஆன கதை. நம்ம பாஷையில சொன்னா கேம்பஸ்ல பிளேஸ் ஆன மாதிரி.

அந்த வருஷமே அக்டோபர் 21, வியாழக்கிழமை. சேலம் ராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பா வந்திருந்தார். அவரைப் பார்க்கப் போனார். முதலியார் என்னென்ன படிச்சிருக்கீங்கன்னு கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம்னு இவர் அடுக்கிக்கிட்டே போனார். முதலியார் முகத்துல எந்த அசைவும் இல்லை. கம்பராமாயணம் முழுக்கப் படிச்சதைச் சொல்லியும் அவர் திருப்தி ஆகல. கடைசியில, இதெல்லாம் சரி, இதுக்கு முந்தின பழைய நூல்கள் படிச்சிருக்கீங்களான்னு கேட்டார். சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை.

இவர் அந்தப் புத்தகங்களைப் பார்த்ததுகூட இல்லை.

நினைச்சுப் பாருங்க. இத்தனை வருஷம் ராப்பகலா படிச்சவருக்கு எப்படி இருந்திருக்கும்? முதல்ல வருத்தமாத்தான் இருந்தது. ஆனா தமிழ்ல தான் கத்துக்கவேண்டியது முடிஞ்சதுன்னு நினைச்ச அந்த எண்ணத்தை அவர் பிடிச்சுத் தொங்கல. முதலியார் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தப்போ வாங்கிட்டு வந்து பிரிச்சார். புரியல. தமிழ் எழுத்துதான், தமிழ் வார்த்தைதான், ஆனா புரியல. அது ஜைனக் காவியம். அந்தச் சமயம் தெரியாம அந்த நூல் திறக்காது.

🔸 சிந்தாமணி பூர்த்தி

பூஜையும் சிவபக்தியுமா வளர்ந்த ஐயர். அவர் என்ன பண்ணார் தெரியுமா? கும்பகோணத்துலயே ஜைனர்கள் இருக்காங்கன்னு கேள்விப்பட்டு அவங்க வீடுகளைத் தேடிப் போனார். போன இடத்துல தெருவுல தோரணமும் வீட்ல கோலமுமா ஏதோ விசேஷம் மாதிரி இருக்கு. விசாரிச்சா, அவங்க ஆறு மாசமா சிந்தாமணியைச் சேர்ந்து உட்கார்ந்து படிச்சிருக்காங்க. அன்னிக்கு அது முடியுது. அதுக்குத்தான் அந்த விழா. சிந்தாமணி பூர்த்தி.

இந்த இடத்துல நான் படிக்கிறதை நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தமிழ் படிச்ச பெரிய பண்டிதர்கள் கண்ணுலயே படாத நூல், பக்கத்துத் தெருவுல ஒரு வீட்ல உயிரோட இருந்திருக்கு. ஒரு நூலைப் படிச்சு முடிக்கிறதையே திருவிழாவாக் கொண்டாடியிருக்காங்க. நம்ம மார்கழி மாசம் பாராயணம் ஆரம்பிச்சு எத்தனை பேர் முப்பதாம் நாள் வரைக்கும் போறோம்?

அங்கே சந்திரநாத செட்டியார்னு ஒருத்தர்கிட்ட இவர் சந்தேகம் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். சைவரா இருந்துட்டு ஜைன நூலை எடுத்து அச்சு போடலாமான்னு இவரைக் குறை சொன்னவங்க உண்டு. இவர் நிறுத்தல. ஏன்னா இவருக்கு அந்த நூலோட அர்த்தம் தெரியணும். அந்த அர்த்தம் யார்கிட்ட இருக்கோ அங்கே போறதுதான் வழி.

இன்னொரு வேலையும் நடந்தது. சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதின உரையில நடுநடுவுல பழைய பாட்டு வரிகள் வருது. எந்த நூல்ல இருந்து எடுத்ததுன்னு அவர் பேர் சொல்லல. படிக்கிறவங்களுக்குத் தெரியும்னு விட்டுட்டார் போல. ஆனா ஐயர் காலத்துல அது யாருக்கும் தெரியல. அப்போ இவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த வரிகள் வர்ற நூல்கள் எங்கேயோ இருக்கணும். திருவாவடுதுறை மடத்துச் சுவடிக் கட்டுகளைப் பிரிச்சுப் பார்த்தார், அங்கே பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் கிடந்தது. அந்த மேற்கோள் வரிகள்ல பல அதுக்குள்ள இருந்தது.

நம்ம வேலையில ஒரு எர்ரர் லாக்கை வச்சு, கண்ணுல படாத ஒரு சர்வீஸ் பின்னாடி ஓடுதுன்னு கண்டுபிடிக்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். ஆனா அவர் ஊகத்தோட நிக்கல. ஊகம் தேடறதுக்குத்தான். கையில சுவடி கிடைச்ச அப்புறம்தான் முடிவு.

சிந்தாமணி அச்சாகி வந்தது 1887ல. மூவாயிரத்துக்கு மேல பாட்டு. முதலியார் கேள்வி கேட்டு ஏழு வருஷம்.

🔸 மணிமேகலையை மூடி வச்சது

மணிமேகலை சுவடியும் கையில இருந்தது. ஆனா படிச்சா பல இடம் பிடிபடல. சைவம் தெரியும், வைணவம் தெரியும், இப்போ ஜைனமும் தெரியும். எதுலயும் பொருந்தல. கல்லூரியில கூட வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் அதைப் பார்த்துட்டு, இது பௌத்த நூல்னு விளக்கினார். தமிழ்நாட்டுல அப்போ பௌத்தம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ரங்காசாரியார் ஆங்கிலத்துல இருக்கிற பௌத்தப் புத்தகங்களைப் படிச்சுச் சொல்ல, இவர் கேட்டுக்கிட்டார்.

இருந்தும் உடனே அச்சுக்கு அனுப்பல. இடையில 1889ல பத்துப்பாட்டு, 1892ல சிலப்பதிகாரம், 1894ல புறநானூறுன்னு வரிசையா வந்துச்சு. மணிமேகலை வந்தது 1898லதான். அதோட பௌத்தத்தைப் பத்தித் தான் தெரிஞ்சுக்கிட்டதையும் எழுதிச் சேர்த்தார். புரியாததைப் புரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டு அவசரமா வெளியிட்டிருக்கலாம். கேள்வி கேட்கவும் அப்போ ஆள் கிடையாது. ஆனா அவர் காத்திருந்தார்.

நம்ம ஆட்களுக்கு ஒரு தகவல். பத்துப்பாட்டுல முதல் பாட்டு எது? திருமுருகாற்றுப்படை! அது ஏற்கெனவே பாராயண நூலா வீடுகள்ல இருந்தது, அச்சுலயும் வந்திருந்தது. ஆனா அது தலைமை தாங்கி நிக்கிற பத்து நூலும் நச்சினார்க்கினியர் உரையோட சேர்ந்து கிடைச்சது ஐயரோட 1889 பதிப்புலதான். சிலப்பதிகாரத்துல குன்றக்குரவையில வர்ற முருகன் பாட்டுகளும் இவர் பதிப்பு வழியாத்தான் பலருக்குப் போய்ச் சேர்ந்தது.

🔸 உதிர்ந்த பூக்கள்

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான இடம்.

பத்துப்பாட்டுல குறிஞ்சிப்பாட்டுன்னு ஒண்ணு. கபிலர் பாடினது. குறிஞ்சி முருகன் நிலம்னு உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அதுல தலைவியும் தோழியும் மலையில பறிச்ச பூக்களோட பேரை வரிசையா அடுக்கிட்டே போவாரு. 99 பூ. ஆனா ஐயர் கையில இருந்த சுவடிகள்ல அந்த இடத்துல கொஞ்சம் விட்டுப் போயிருந்தது. சில பூக்களோட பேர் இல்லை.

இவர் யாரு? மகாவித்துவானோட மாணவர். ஒரு ராத்திரியில நூறு பாட்டு கட்டுற இடத்துல வளர்ந்தவர். அந்த இடத்துல ரெண்டு மூணு பூப் பேரைச் சந்தத்துக்குச் சரியா வச்சு நிரப்ப அவருக்கு ஒரு வெத்தலை போடுற நேரம் ஆகியிருக்குமா? யாருக்குத் தெரியப் போகுது? மலையில பூவுக்கா பஞ்சம்?

அவர் அதைச் செய்யல. தருமபுரம் ஆதீனத்துல சுவடி இருக்கலாம்னு போனார். அப்போ திருவாவடுதுறைக்கும் தருமபுரத்துக்கும் நல்ல உறவு இல்லை. இவரோ திருவாவடுதுறையில வளர்ந்தவர். எப்படி வரவேற்பாங்களோன்னு தயக்கம். இருந்தும் போனார். அவங்களும் பெருந்தன்மையா சுவடிகளைப் பார்க்க விட்டாங்க. கட்டுக் கட்டா பிரிச்சுத் தேடினதுல அந்தப் பகுதி கிடைச்சது. உதிர்ந்துபோன பூக்கள் திரும்பி வந்து காம்புல ஒட்டிக்கிச்சு.

யோசிங்க நண்பர்களே. அவர் தானே நிரப்பியிருந்தா அந்த இடம் முழுசா இருக்கிற மாதிரி தெரியும். அப்புறம் யாரும் தேடியிருக்க மாட்டாங்க. அவர் உட்பட! கபிலர் சொன்ன பூ தருமபுரத்துலயே மக்கிப் போயிருக்கும். காலியா விட்டதாலதான் தேட முடிஞ்சது.

டேட்டாபேஸ்ல வேலை செய்றவங்களுக்கு இது நல்லாப் புரியும். ஒரு மதிப்பு தெரியலன்னா அதை நல்னு காலியா வைக்கணும். சும்மா இருக்கட்டும்னு ஒரு பூஜ்யத்தைப் போட்டு வச்சோம்னா, அடுத்து வர்றவன் அதை உண்மைன்னு எடுத்துக் கணக்குப் போடுவான். எந்தச் சிவப்பு விளக்கும் எரியாது. நான் கந்த சஷ்டிக்குப் பண்ணினது அந்தப் பூஜ்யம்தான்.

🔸 தலையும் இல்லை, வாலும் இல்லை

இப்படிக் காலி இடங்களோட அவர் வெளியிட்ட நூல்களை வரிசையாப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும்.

👉 புறநானூறு (1894): 267, 268ஆம் பாட்டுகள் இல்லை. இன்னும் பல பாட்டு சிதைஞ்சு துண்டு துண்டா இருக்கு.
👉 ஐங்குறுநூறு (1903): 129, 130ஆம் பாட்டுகள் இல்லை.
👉 பதிற்றுப்பத்து (1904): பத்துப் பத்துல முதல் பத்தும் இல்லை, கடைசிப் பத்தும் இல்லை.
👉 பரிபாடல் (1918): 70 பாட்டுன்னு பழைய கணக்கு. முழுசா கிடைச்சது 22.
👉 பெருங்கதை (1924): கதையோட ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. முதல் காண்டத்துல 32ஆம் காதையிலதான் நூலே தொடங்குது.

பரிபாடல் கணக்குல செவ்வேளுக்கு, அதாவது நம்ம முருகனுக்கு 31 பாட்டு. முழுசா நம்ம கைக்கு வந்தது 8. மீதி 23 பாட்டுல என்ன இருந்தது? பரங்குன்றத்தை எப்படி எல்லாம் பாடியிருப்பாங்க? அதை நினைச்சா நெஞ்சு அடைக்குது. அந்த அடைப்புலதான் போலிப் பாட்டு உள்ளே நுழையுது. பக்தி நிறைய இருக்கிற இடத்துலதான் அது சுலபமா நுழையுது.

பெருங்கதையைப் பாருங்க. கடைசிப் பகுதி இல்லாத கதையை யார் வாங்கிப் படிப்பா? ஐயர் காத்திருந்திருக்கலாம், முழுப் பிரதி கிடைக்கட்டும்னு. அப்படிக் காத்திருந்தா இருக்கிற ஓலையும் செல்லரிச்சுப் போயிருக்கும். ஆத்துல விட்ட சுவடிகள், அடுப்புல போன சுவடிகள் எத்தனையோன்னு அவரே பார்த்தும் கேட்டும் நொந்தவர். அதனால கிடைச்சதை, கிடைச்ச அளவுக்கு, இது இவ்வளவுதான்னு சொல்லி அச்சுல ஏத்திட்டார். எழுத்து அழிஞ்ச இடத்துல புள்ளி. சுவடிக்குச் சுவடி பாடம் மாறினா ரெண்டையும் காட்டுவார். எது சரின்னு நாளைக்கு ஒருத்தர் முடிவு பண்ணட்டும்.

இங்கே ஒரு சமநிலை இருக்கு. மணிமேகலையில காத்திருந்தார், பெருங்கதையில காத்திருக்கல. எதுக்கு? மணிமேகலையில குறை அவர்கிட்ட இருந்தது, படிச்சா சரியாகும். பெருங்கதையில குறை சுவடியில இருந்தது. அதுக்கு அவர் எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் பலன் இல்லை. எப்போ நிறுத்தணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல விதி நான் இன்னும் பார்க்கல. என்கிட்ட உள்ள குறைன்னா இன்னும் கொஞ்சம் உழைக்கணும். கிடைக்கவே கிடைக்காத ஒண்ணுன்னா, இல்லைன்னு எழுதிட்டு நகரணும்.

🔸 பாதியில நின்ன சொந்தக் கதை

1903ல சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1906ல மகாமகோபாத்தியாயப் பட்டம். 1919ல ஓய்வு. 1932ல சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. ஒரு மனுஷன் ஈசி சேர்ல சாய்ஞ்சுக்க இவ்வளவு போதும்.

1937ல, 82 வயசுல, குறுந்தொகையைத் தானே உரை எழுதி வெளியிட்டார். அதுக்கு இருந்த பழைய உரை தொலைஞ்சு போச்சு. அந்தப் பழைய உரை மாதிரி எழுதி அவர் ஒண்ணும் ஒப்பேத்தல. தன் பேர்லயே தன் உரையை எழுதினார். குறுந்தொகையோட கடவுள் வாழ்த்து யாரைப் பத்தினது தெரியுமா? முருகனை. பத்துப்பாட்டைத் திறந்தாலும் முருகன், குறுந்தொகையைத் திறந்தாலும் முருகன். சுவாமிநாதன் பேரை வச்சவருக்கு அமைஞ்சதைப் பாருங்க.

1940 ஜனவரியில ஆனந்த விகடன்ல தன் வாழ்க்கையைத் தொடரா எழுத ஆரம்பிச்சார். என் சரித்திரம். அப்போ வயசு 85ஐ நெருங்குது. வாரா வாரம் வந்தது. 122 அத்தியாயம். சின்ன வயசு, குருகுலம், சிந்தாமணி, சிலப்பதிகாரம்னு நிதானமா நகர்ந்து, 1890கள் முடியுற கட்டத்துக்கு வந்தது.

வெளியில இரண்டாம் உலகப் போர். 1942ல ஜப்பான்காரன் சென்னையில குண்டு போடுவான்னு பயம். ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டுக் கிளம்பினாங்க. ஐயரும் திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் போனார். அங்கேதான் 1942 ஏப்ரல் 28ஆம் தேதி, 87 வயசுல, காலமானார்.

சரித்திரம் பாதியில நின்னுது. அவர் வாழ்க்கையோட கடைசி நாற்பது வருஷம் அதுல இல்லை. பரிபாடல் பதிப்பிச்ச கதை, பெருங்கதை, குறுந்தொகை, எதுவும் அவர் சொல்லி நமக்கு அதுல இல்லை. அடுத்தவங்க நூலுக்கு முடிவு தேடி ஊர் ஊரா அலைஞ்சவரோட சொந்த நூலுக்கு முடிவு இல்லை.

1950ல அது புத்தகமா வந்தது. நின்ன இடத்துலயே நின்னபடி. அவர் மாதிரி நடையில யாரும் பத்து அத்தியாயம் எழுதி ஒட்டி வைக்கல. அவரோட மாணவர் கி.வா.ஜகந்நாதன், நம்ம கி.வா.ஜ., முருகன் அடியார்கள் பலருக்குத் தெரிஞ்ச பேர், கந்தர் அலங்காரச் சொற்பொழிவுகள் செஞ்சவர். குருவோட நடை அத்துப்படியான மனுஷன் அவர். அவர் என்ன செஞ்சார்? குருவோட மிச்ச வாழ்க்கையை என் ஆசிரியப்பிரான்னு தனி நூலா, தன் பேர்ல, தன் குரல்ல எழுதினார். குரு நிறுத்தின இடம் எது, சிஷ்யன் தொடங்கின இடம் எதுன்னு இன்னிக்கும் தெளிவாத் தெரியும். ஐயர் சேர்த்த சுவடிகளுக்காக 1943ல சென்னையில ஒரு நூல்நிலையம் உருவாச்சு. இப்போ பெசன்ட் நகர்ல இருக்கு.

எனக்கு இதுல பெரிய ஆறுதல் இருக்கு. நம்ம எல்லாருக்கும் முடிக்காத விஷயம் இருக்கும். பாதியில விட்ட படிப்பு, சொல்லாம போன ஒரு வார்த்தை, தாத்தாகிட்ட கேட்க நினைச்சுக் கேட்காம விட்ட கதை. அதுக்கெல்லாம் அழகா ஒரு முடிவு எழுதி ஒட்டணும்னு தோணும். வேண்டாம். இதுவரைக்கும் வந்தேன்னு ஒரு கோடு போட்டு வச்சா போதும். தேடுறவங்களுக்கு அந்தக் கோடுதான் வழி.

🔸 மறுபடியும் அந்த எட்டு வரி

போன வாரம் என்ன ஆச்சு தெரியுமா? நான் எடுத்துட்ட அந்தப் பதிவு, அதே வேல் படத்தோட, எங்க அத்தைகிட்ட இருந்து ஃபேமிலி குரூப்புல வந்து நிக்குது. கீழே பத்துப் பேர் அரோகரா போட்டிருக்காங்க. வெட்கமா இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனா அத்தைக்கு ஃபோன் பண்ணி, அது நான் பண்ணின தப்பு அத்தை, அந்தப் பாட்டு பழசு இல்லை, யாரோ இப்போ எழுதினதுன்னு சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், நல்லாத்தானேடா இருந்துச்சுன்னாங்க. ஆமா அத்தை, நல்லாத்தான் இருந்துச்சுன்னேன். உண்மையிலயே கிடைச்ச எட்டுப் பாட்டையும் அனுப்பி வைன்னாங்க. அனுப்பினேன். நிதானமா படிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க.

நீங்களும் அந்த எட்டுச் செவ்வேள் பாட்டுல ஒண்ணையாவது இந்தக் கார்த்திகைக்குள்ள உரையோட படிங்க. 5, 8, 9, 14, 17, 18, 19, 21. இதுதான் நம்பர். அந்தப் பழைய பதிவு உங்க குரூப்புல எங்கேயாவது சுத்திக்கிட்டு இருந்தா, இந்தப் பதிவை அங்கே போட்டுடுங்க. மீதி 23 பாட்டு எங்கேயாவது ஒரு பரண்ல இருந்து வெளியில வந்தா, எந்தச் சுவடி, யார் பதிப்புன்னு கேட்டுட்டு, நானே முதல் ஆளா உங்களுக்குச் சொல்றேன்.

தெரியாம பண்ணின தப்பை அப்பன் பொறுத்துக்கட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா 🙏🦚